பழைய பிலிம் கேமராவில் ஒளிக்கசிவும் மூட்டமும்: அறிகுறியிலிருந்து காரணத்தை நோக்கி

பழைய கேமராவில் எடுத்த படங்களில் சிவப்புக் கீற்றோ வெள்ளைப் பட்டையோ சாம்பல் நிற மூட்டமோ தெரிந்தவுடன், பலரும் முதலில் பின்கதவின் ஓரத்தில் ஒளியைத் தடுக்கும் ஸ்பாஞ்சை மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலான கேமராக்களில் அதுவே சரியான மருந்தாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால் ஷட்டர் திரையில் ஊசித்துளை விழுந்த கேமராவுக்கும், டெவலப் செய்யும்போது இருட்டறையில் ஒளி பட்ட பிலிமுக்கும் ஸ்பாஞ்சால் பயன் எதுவும் இல்லை. ஒளி எந்த வழியாக வந்தது என்பதைப் பிலிமே தெளிவாகப் பதிந்து வைத்திருக்கிறது. அதைப் படித்தறிந்த பிறகு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதே முறை. கீழே வரும் பகுதிகள் பிலிமில் காணும் அறிகுறியின்படி பிரிக்கப்பட்டுள்ளன.

முதலில் நெகட்டிவ்

பிரிண்ட்டையோ ஸ்கேனையோ மட்டும் வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம். ஸ்கேன் செய்யும்போது படத்துக்கு வெளியே உள்ள ஓரங்கள் வெட்டப்பட்டுவிடுகின்றன. நமக்கு வேண்டிய சான்று அந்த ஓரங்களில்தான் இருக்கிறது. 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 36 × 24 மி.மீ. ஆகும். அடுத்தடுத்த படங்களுக்கு நடுவே ஏறத்தாழ 2 மி.மீ. இடைவெளியும், மேலும் கீழும் துளைகள் வரிசையாக அமைந்த ஓரங்களும் உள்ளன. லென்ஸ் வழியாக வரும் ஒளி, படச்சட்டத்தின் எல்லையைத் தாண்டி இந்த ஓரங்களில் விழுவதற்கு அநேகமாக வழியே இல்லை. ஆகவே துளைகளைச் சுற்றிய பகுதியும் படங்களுக்கு இடைப்பட்ட பகுதியும் கறுத்திருந்தால், ஒளி பின்கதவு வழியாகவோ கேசட் (பிலிம் சுருள் இருக்கும் சிறு உறை) வழியாகவோ பிலிமைக் கையாண்ட இடத்திலோ நுழைந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஓரங்கள் தெளிவாக இருந்து, கறை படத்தின் எல்லைக்கோட்டில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிட்டால், ஒளி முன்பக்கத்திலிருந்து, அதாவது ஷட்டர், பெல்லோஸ் (மடிப்புக் கேமராவில் லென்ஸை உடலோடு இணைக்கும் துருத்தி), லென்ஸ் ஆகியவற்றின் வழியாக வந்திருக்கிறது. இந்த ஒரு பார்வையே ஐயங்களில் பாதியை நீக்கிவிடும்.

நெகட்டிவில் ஒளி பட்ட இடம் கருமையாகத் தெரியும். பிரிண்ட்டில் அது வெளிச்சமாக மாறும். ஸ்லைடு பிலிமில் அந்த இடம் நேரடியாகவே வெளிறிப்போயிருக்கும். கலர் நெகட்டிவில் நிறமும் ஒரு துப்பாகும். அதன் பூச்சு அடுக்குகளில் சிவப்பை உணரும் அடுக்கு அடியில், பிலிமின் முதுகுப் பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. பின்கதவு வழியாக வரும் ஒளி முதுகுப் பக்கமாகப் புகுந்து முதலில் அந்த அடுக்கைத் தாக்குவதால், பிரிண்ட்டில் கசிவு சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ தெரிகிறது. முன்பக்கமாக வரும் ஒளி எல்லா அடுக்குகளையும் தொடுவதால், கறை வெண்மையை ஒட்டியே இருக்கும்.

திசையையும் கணக்கிட வேண்டும். கேமராவுக்குள் பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழுகிறது. எனவே கேமராவின் மேல்விளிம்பில் நுழைந்த ஒளி, நேராகப் பிடித்த படத்தின் கீழ்ப்பகுதியில் தெரியும். பெரும்பாலான எஸ்எல்ஆர் கேமராக்களில் (லென்ஸ் காணும் காட்சியைச் சாய்ந்த முகக்கண்ணாடி ஒன்றால் வியூஃபைண்டருக்குத் திருப்பிக் காட்டுபவை), பின்னாலிருந்து பார்க்கும்போது, கதவின் கீல் வலப்பக்கம் இருக்கிறது. அங்கே நுழையும் ஒளி படத்தின் இடப்பக்கத்தில் தெரியும். இதை மறந்து எதிர்ப்பக்கத்தைச் சீர்செய்துவிட்டு, கசிவு நிற்கவில்லையே என்று குழம்புகிறவர்கள் பலர்.

அறிகுறி: ஓரத்திலிருந்து படத்துக்குள் பாயும் கீற்று, பல படங்களில் ஒரே இடத்தில்

இது பின்கதவின் கசிவு. 1970களிலும் 1980களிலும் வந்த எஸ்எல்ஆர் கேமராக்களில் கதவு பொருந்தும் பள்ளங்களிலும் கீலின் ஓரத்திலும் பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு ஒட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பொருள் காலப்போக்கில் தானாகவே சிதைந்து, தார்போல் ஒட்டும் பிசினாகவோ தொட்டால் உதிரும் தூளாகவோ மாறிவிடும். கேமராவை ஒருநாளும் பயன்படுத்தாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் இந்தச் சிதைவு நேரும். கீலின் ஓரத்தில் உள்ள அகலமான பட்டையே முதலில் சந்தேகிக்க வேண்டியது. அதற்கடுத்து தாழ்ப்பாள் பக்கம், அதன்பின் மேல், கீழ்ப் பள்ளங்கள்.

எல்லாப் படங்களிலும் கீற்று ஒரே அழுத்தத்தில் இருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். கேமரா வெயிலில் நெடுநேரம் அசையாமல் இருந்தபோது எந்தப் பகுதி கசிவுக்கு எதிரே நின்றதோ அதுவே அதிகம் கறுக்கும். விடாமல் அடுத்தடுத்து எடுத்த படங்கள் தப்பிவிடும். ஒரு படத்தை எடுத்தவுடன் பிலிமைச் சுற்றி வைக்கும் பழக்கம் இருந்தால், எடுத்து முடித்த படம் கீலின் பக்கமாக நகர்ந்து நிற்கிறது. அதனால் நீண்ட ஓய்வின் தழும்பு அடுத்த படத்தில் விழாமல், ஓய்வுக்கு முன் எடுத்த ஒன்றிரண்டு படங்களில் விழுந்திருக்கும். சுற்றும் உருளையின் மேல் கிடந்த பிலிமில் ஒளி பட்டிருந்தால் வேறொரு அடையாளம் கிடைக்கும்: மேல் சுற்றின் துளைகள் வழியாக ஒளி புகுந்து அடுத்த சுற்றில் துளை வடிவக் கறைகளைப் பதித்திருக்கும்.

இடத்தை உறுதிசெய்யச் சிறந்த சோதனை, லென்ஸ் மூடியைக் கழற்றாமலே பிலிமைச் செலவிடுவது. பிலிமைப் போட்டு மூடியைப் பொருத்திவிட்டு, கீல் பக்கத்தைச் சூரியனை நோக்கிச் சில நிமிடங்கள் பிடித்து, பிறகு இரண்டு மூன்று படங்கள் அளவுக்கு நிழலில் வெறுமையாகச் சுற்ற வேண்டும். அடுத்து மேல்பக்கம், பிறகு அடிப்பக்கம், பிறகு தாழ்ப்பாள் என்று வரிசையாகச் செய்து, எந்த எண்ணில் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். டெவலப் செய்த பின் எந்த இடம் கறுத்திருக்கிறதோ அந்தப் பக்கமே குற்றவாளி. பிலிமைச் செலவிட மனமில்லாதவர்கள், இருட்டறை வசதி இருந்தால், கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் காகிதத்தை 35 மி.மீ. அகலத்துக்கு நறுக்கி, கேசட் அறையிலிருந்து சுற்றும் உருளை வரை நீட்டி, சிவப்பு விளக்கில் கேமராவுக்குள் வைக்கலாம். காகிதத்தின் பூச்சுள்ள பக்கம் கதவை நோக்கி இருக்க வேண்டும். ஏனெனில் பிலிமைப் போல் ஒளி அதன் முதுகு வழியாக எளிதில் புகாது. அதன் உணர்திறன் பிலிமைவிட மிகக் குறைவு என்பதால் கால் மணி நேரமாவது வெயிலில் கேமராவைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். டெவலப் செய்தால் கசிவின் வடிவமே காகிதத்தில் வந்து நிற்கும். இருட்டில் டார்ச்சை உள்ளே வைத்துப் பார்க்கும் சோதனையைப் பலர் பரிந்துரைப்பதுண்டு. பின்கதவு விஷயத்தில் அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வளைந்து நெளிந்து வரும் மெல்லிய ஒளியைக் கண் தவறவிடும், பிலிம் தவறவிடாது.

பழைய ஸ்பாஞ்சை அகற்றுவதில் அவசரம் கூடாது. முதலில் படச்சட்டத்தின் மேல் ஒரு காகிதத் துண்டை ஓரங்களில் மட்டும் டேப் போட்டு மூடி, ஷட்டருக்குள் துகள் விழாமல் காக்க வேண்டும்; டேப் ஷட்டர் தகடுகளையோ திரையையோ தொடவே கூடாது. கூர்மையாகச் சீவிய மரக்குச்சியால் பிசினைச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் எச்சத்தைத் துடைக்கலாம். இரும்புக் கருவி கறுப்புப் பெயின்ட்டைக் கீறிப் புதிதாக ஒரு பளபளப்பை உண்டாக்கும். அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். இரண்டையும் தவிர்ப்பது நல்லது. கேமராவைக் கதவு கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்துச் சுரண்டினால் தூள் உள்ளே போகாது.

மேல், கீழ்ப் பள்ளங்கள் மிகக் குறுகலானவை. அவற்றுக்கு மெல்லிய ஸ்பாஞ்சு, பொதுவாக 1 முதல் 1.5 மி.மீ. தடிமன் உள்ளது, போதுமானது. கறுப்புக் கம்பளி நூலைப் பள்ளத்தில் படியவைத்தாலும் நன்றாகவே வேலை செய்யும். கீல் பக்கத்துக்கு 2 மி.மீ. அளவிலான பட்டை பெரும்பாலும் பொருந்தும். தடிமன் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று எண்ணுவது தவறு. கதவு முழுதாக அழுந்தாமல் தாழ்ப்பாளுக்கு நேரே புதிய இடைவெளி திறந்துகொள்ளும், பிலிமை அழுத்தும் தகடும் தன் இடத்தில் நிற்காது. பசையுள்ள பட்டையை ஒட்டும் முன் பசைப் பரப்பைச் சற்றே ஈரமாக்கிக்கொண்டால், சரியான இடத்துக்கு நகர்த்திப் பொருத்த அவகாசம் கிடைக்கும். கதவில் பிலிம் வகையைப் பார்க்கும் சிறு கண்ணாடிச் சாளரம் உள்ள கேமராக்களில் அதன் சுற்றிலும் ஒரு ஸ்பாஞ்சு வளையம் உண்டு. கேசட் பக்கம் கசியும் கேமராவில் அதையும் மறக்காமல் மாற்ற வேண்டும்.

அறிகுறி: ஓரங்கள் தெளிவு, படத்துக்குள் மட்டும் புள்ளியோ திட்டோ

ரப்பர் பூசிய துணித் திரை ஷட்டர் உள்ள கேமராக்களில் இது ஊசித்துளையின் அடையாளம். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் (லென்ஸ் வழியாக அன்றித் தனிச் சாளரம் வழியாகக் காட்சியைப் பார்ப்பவை) லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே முகக்கண்ணாடி ஏதும் இல்லாததால், மூடியில்லாமல் சூரியனை நோக்கி வைத்தால் லென்ஸ் ஒளியைக் குவித்துத் திரையைச் சுட்டுத் துளையிட்டுவிடும். எஸ்எல்ஆரில் கீழிறங்கிய முகக்கண்ணாடி இந்த ஆபத்திலிருந்து காக்கிறது. ஆயினும் ரப்பர் பூச்சு முதுமையால் வெடித்து நுண்ணிய துளைகள் தோன்றுவதை அது தடுக்காது.

எந்தத் திரையில் துளை என்பதையும் அறியலாம். ஷட்டரை ஏற்றி வைத்த நிலையில் முதல் திரை பிலிமை மூடி நிற்கிறது. இறக்கிய நிலையில் இரண்டாம் திரை மூடி நிற்கிறது. ஒரு படத்தை ஏற்றிய நிலையில் வெளிச்சத்தில் சில நிமிடம் காத்திருந்து எடுத்தும், வேறொரு படத்தை எடுத்தபின் சுற்றாமல் காத்திருந்தும் ஒப்பிட்டால், புள்ளி எதில் வருகிறது என்பது தெரிந்துவிடும். நேரில் பார்க்க, லென்ஸைக் கழற்றி, இருட்டறையில் முன்பக்கமாக டார்ச்சைக் காட்டி, திறந்த பின்கதவு வழியே இரு நிலைகளிலும் நோக்க வேண்டும். டார்ச்சின் கோணத்தை மாற்றிக்கொண்டே இருப்பது அவசியம். எஸ்எல்ஆரில் கண்ணாடியை மேலே நிறுத்தும் வசதி இருந்தால்தான் இது எளிதாகும். இங்கே டார்ச் சோதனை நம்பத்தக்கது. ஒளி நேர்கோட்டில் வருகிறது, துளை நட்சத்திரம்போல் மின்னும்.

ஒன்றிரண்டு துளைகளைத் துணிக்கான கறுப்புப் பெயின்ட்டை மிக மெல்லியதாகத் தடவி அடைக்கலாம். நன்கு உலர்ந்த பின்பே ஷட்டரை இயக்க வேண்டும். இல்லையெனில் திரை சுருளும்போது ஒட்டிக்கொள்ளும். கனமாகப் பூசினால் திரையின் எடையும் விறைப்பும் மாறி, ஷட்டரின் வேகமே தவறிப்போகும். திரை முழுவதும் வெடித்திருந்தால் பெயின்ட்டால் காப்பாற்ற முயல வேண்டாம். திரையை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி. அதுவரை, இரண்டு படங்களுக்கு இடையே லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கேமராவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

லென்ஸுக்குள்ளேயே இதழ் ஷட்டர் உள்ள கேமராவில் இதழ்கள் முழுதாக மூடாவிட்டால் விளைவு வேறுவிதமாக இருக்கும். மையத்தில் மிஞ்சிய சிறு திறப்பு நுண்ணிய அபர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) போல் இயங்கி, வெளிச்சமான பொருள்களின் மங்கிய இழுவைக் கோடுகளைப் படத்தின் மேல் வரைந்துவிடும். இதழ்களில் எண்ணெய் பரவியிருப்பதே பெரும்பாலும் காரணம்.

அறிகுறி: மடிப்புக் கேமராவில் படம் முழுதும் மங்கல், அல்லது நடுவில் வட்டக் கறை

பெல்லோஸ் மடிப்புகளின் மூலைகள்தான் முதலில் தேய்ந்து துளைபடுகின்றன. அவ்வழியே வரும் ஒளி பரவலாக விழுவதால் கூர்மையான கீற்று இராது. வானத்திலோ நிழலிலோ ஒரு மங்கல் திட்டு தெரியும். எடுப்பதற்கு முன் கேமராவை விரித்து வைத்திருந்த நேரம் கூடக்கூட அது வலுக்கும். இருட்டறையில் பெல்லோஸை முழுதும் விரித்து, உள்ளே சிறு டார்ச்சை வைத்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். சில துளைகளுக்குக் கறுப்புத் துணிப் பெயின்ட் போதும். மூலைகள் எல்லாமே மின்னினால் புதிய பெல்லோஸ்தான் தீர்வு.

நடுப்பகுதியில், ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வட்டமான கறை இருந்தால், பின்கதவின் சிவப்புச் சாளரத்தைப் பார்க்க வேண்டும். 120 பிலிமின் (கேசட் இல்லாமல் பின்தாளோடு சுற்றிவரும் அகலமான பிலிம்) பின்தாளில் அச்சிட்ட எண்ணைப் பார்க்க அது அமைக்கப்பட்டது. சிவப்பை உணராத பழைய வகை பிலிம்கள் புழங்கிய காலத்தில் சிவப்புக் கண்ணாடி போதுமான காவலாக இருந்தது. எல்லா நிறங்களையும் உணரும் இன்றைய பிலிம்களுக்கு அது காவலே அன்று. எண்ணைப் பார்க்கும் கணம் தவிர மற்ற நேரங்களில் சாளரத்தைக் கறுப்பு டேப்பால் மூடி வைக்க வேண்டும். சுற்றுவதையும் நிழலில்தான் செய்ய வேண்டும்.

120 சுருளின் இரு ஓரங்களும் மட்டும் கறுத்திருந்தால் கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். சுருள் தளர்வாகச் சுற்றப்பட்டு, பின்தாளின் ஓரம் வழியாக ஒளி புகுந்திருக்கிறது. பிலிமை ஏற்றும்போது முழுச் சுருளை விரலால் மென்மையாக அழுத்தி இறுக்கம் கொடுப்பதும், எடுத்தவுடன் ஒட்டி உறையில் இடுவதும் போதும்.

அறிகுறி: நீண்ட எக்ஸ்போஷரில் மட்டும் மூட்டம்

முக்காலியில் வைத்துப் பல விநாடிகள் எடுக்கும்போது கண் வியூஃபைண்டரில் இல்லாததால், பின்னாலிருந்து வரும் ஒளி ஐபீஸ் (வியூஃபைண்டரில் கண் வைக்கும் திறப்பு) வழியே புகுந்து, மேலே எழுந்த கண்ணாடியின் விளிம்பைத் தாண்டிப் படத்தில் விழலாம். கண்ணாடி மோதும் இடத்து ஸ்பாஞ்சு கரைந்துவிட்ட கேமராவில் இது கூடுதலாக நேரும். அந்த ஸ்பாஞ்சை மாற்றலாம். ஆனால் அதற்கு நேர்மேலே உள்ள போகஸ் திரையில் பிசின் பட்டால் துடைக்க முயலாமல் இருப்பது நலம், ஏனெனில் அதன் நுண்ணிய பரப்பு தேய்த்தாலே கெட்டுவிடும். ஐபீஸை ஒரு மூடியாலோ கையாலோ மறைத்து எடுத்துப் பார்த்தால் காரணம் இதுதானா என்பது உறுதியாகும்.

அறிகுறி: தொடக்கத்தில் மட்டும், அல்லது முடிவில் மட்டும்

முதல் சில படங்கள் மட்டும் ஓரத்தோடு கறுத்திருந்தால் பிலிமை வெயிலில் ஏற்றியிருக்கலாம். கேசட்டின் வாயில் உள்ள வெல்வெட் ஒளியைத் தடுத்தாலும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் விழும் ஒளி பிலிமின் அடித்தளத்துக்குள்ளேயே ஊடுருவி உள்ளே செல்லும். பாலியெஸ்டர் அடித்தளம் கொண்ட சில பிலிம்களில் இது மிகுதி; அவற்றை மங்கிய வெளிச்சத்தில் ஏற்றுவதே முறை. மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் கேசட்டுகளில் வெல்வெட் தேய்ந்தோ மூடி தளர்ந்தோ இருக்கலாம். அத்தகையவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

கடைசியாக எடுத்த படங்கள் மோசமாகவும் அதற்கு முந்தையவை படிப்படியாகக் குறைவாகவும் கெட்டிருந்தால், திரும்பச் சுற்றும் முன் கதவு திறக்கப்பட்டிருக்கிறது. சுற்றும் உருளையில் வெளிச் சுற்றுகளே ஒளியை வாங்கிக்கொண்டு உள்சுற்றுகளைக் காத்திருக்கும். பிலிம் முழுவதையும் முதலிலேயே சுற்றி வைத்துவிட்டு, எடுக்க எடுக்கக் கேசட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் தானியங்கிக் கேமராக்களில் இது மாறிவிடும். அங்கே எடுத்த படங்கள் பிழைக்கும், எடுக்காத பகுதி கெடும்.

அறிகுறி: பிலிம் முழுதும் ஒரே சீரான மூட்டம்

கீற்றோ வடிவமோ இல்லாமல் ஓரம் உட்பட எல்லாம் சாம்பலாக இருந்தால் கேமரா பெரும்பாலும் குற்றமற்றது. காலாவதியான பிலிம், வெப்பத்தில் கிடந்த பிலிம், தேவைக்கு மேல் சூடான அல்லது நீண்ட டெவலப்பிங் ஆகியவற்றையே பார்க்க வேண்டும். உணர்திறன் மிக்க பிலிம்கள் விரைவாக மூட்டம் கொள்கின்றன. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இந்த முதுமை மெதுவாகிறது. எடுத்தவுடன் உறையைப் பிரிக்காமல், அறை வெப்பத்துக்கு வந்தபின் பிரித்தால் ஈரம் படியாது.

பிலிம் அடர்கருப்பாகவே வந்திருந்தால், டெவலப்பிங் டேங்கில் நடுக்குழாயைப் பொருத்த மறந்தது, பிலிமை டேங்கில் ஏற்றும் இருட்டுப் பையில் கிழிசல் இருந்தது போன்றவற்றைச் சோதிக்க வேண்டும். பால்போன்ற வெண்மங்கல் மட்டும் தெரிந்தால் அது ஒளி மூட்டமே அன்று. ஃபிக்சர் (டெவலப் செய்த படத்தை நிலைப்படுத்தும் திரவம்) வேலை முடிக்கவில்லை. புதிய ஃபிக்சரில் மீண்டும் இட்டு நன்றாகக் கழுவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இதை அறியாமல் நல்ல நெகட்டிவ்களைத் தூக்கியெறிவது மிகவும் வருந்தத்தக்கது.

கசிவு போலத் தோன்றும் பிற குறைகள்

படங்களின் எல்லையைப் பொருட்படுத்தாமல் பிலிமின் நெடுகிலும் அலை அலையாகச் செல்லும் மென்மையான பட்டைகள் விமான நிலைய எக்ஸ்ரேயின் அடையாளம். பெட்டியோடு அனுப்பும் சாமான்களுக்கான கருவிகளும், கைப்பைகளுக்காக இப்போது வரும் சிடி ஸ்கேனர்களும் பிலிமைக் கடுமையாகப் பாதிக்கும். ஆகவே பிலிமைக் கையில் வைத்துக்கொண்டு, கையாலேயே சோதிக்கும்படி கேட்க வேண்டும். மின்னல் கிளைபோன்ற கறைகள் வறண்ட காற்றில் பிலிமை வேகமாகச் சுற்றியதால் உண்டான நிலைமின்சாரத்தின் வேலை. மெதுவாகச் சுற்றினால் போதும். ஓரங்கள் தெளிவாக இருந்து, எதிர்வெளிச்சத்தில் எடுத்த படங்கள் மட்டும் வெளிறியிருந்தால் லென்ஸுக்குள் படிந்த மங்கலையோ பூஞ்சையையோ டார்ச்சால் பார்க்க வேண்டும். உயர்ந்த ஷட்டர் வேகங்களில் மட்டும் படத்தின் ஒரு பக்கத்தில் நேர்க்கோட்டில் முடியும் வெளிச்சப் பட்டை தெரிந்தால், திரை ஓடி முடிந்து துள்ளித் திரும்புகிறது. அது ஷட்டரைச் சீரமைப்பவரின் வேலை.

பழுது பார்த்தபின்

அடுத்து வரும் முக்கியமான நிகழ்ச்சிக்கு அந்தக் கேமராவை நேராகக் கொண்டுபோக வேண்டாம். விலை குறைந்த ஒரு பிலிமைப் போட்டு, முதல் பாதியைக் கதவின் எல்லா இணைப்புகளிலும் கறுப்பு டேப் ஒட்டியும், மறுபாதியை டேப் இல்லாமலும், இரண்டையும் ஒரே வகை வெயிலில் எடுக்க வேண்டும். நடுவில் சில படங்களுக்கு இடையே வேண்டுமென்றே நீண்ட இடைவெளி விட்டு, எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். நெகட்டிவை வெட்டாமல் முழு நீளத்துக்கு வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓரங்களைப் பார்க்கலாம். இரு பாதிகளும் ஒரேபோல் தெளிவாக இருந்தால் கதவின் கசிவு அடைபட்டுவிட்டது. டேப் இல்லாத பாதியில் மட்டும் கறை இருந்தால் ஸ்பாஞ்சை மறுபடி பார்க்க வேண்டும். இரண்டிலும் கறை இருந்தால் ஷட்டரிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.